நுரைக்கும் தண்ணீர், இறுகும் நிலம்: வன்னிக் குழாய்க்கிணற்று நீரில் கோளாறு கண்டறிதல்

சென்ற ஆண்டு ஆவணி மாதம். முருங்கன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். ஒரு கையில் சோடாப் போத்தல் நிறையக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர், மறு கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய மண்கட்டி.

“சேர், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. சவர்க்காரம் போட்டால் பொங்கி நுரைக்கிறது. கேத்திலில் கல் பிடிப்பதில்லை. மிளகாய்ப் பாத்திதான் சீமெந்து போட்டது மாதிரி இறுகிவிட்டது. மண்ணுக்குத்தான் ஏதோ வந்துவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் நுரைப்பதற்கும் இறுகுவதற்கும் காரணம் ஒன்றே என்பது அவருக்குத் தெரியாது. இரசாயனவியல் படிப்பிக்கும் எனக்கே பல கிணறுகளைப் பார்த்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அந்த அக்காவுக்குச் சொன்னதையும் அதன் பின் வந்தவர்களுக்குச் சொன்னதையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் கிணற்றில் காணும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். மாதிரி எடுக்கும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னர்: மாதிரியும் அறிக்கையும்

பிழையான மாதிரி பிழையான மருந்துக்குக் கொண்டுபோகும். குழாயில் இரவு முழுவதும் தங்கிய நீரை எடுக்க வேண்டாம். பத்து நிமிடமாவது இறைத்துவிட்டு எடுங்கள். போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். கழுத்துவரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி மூடுங்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியே வந்ததும் தப்பிப் போகும். அது போனால் பி.எச். பெறுமானம் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறிவிடும். ஆகவே பி.எச். பெறுமானத்தைக் கிணற்றடியிலேயே அளப்பது நல்லது. ஒரே ஒரு மாதிரிதான் கொடுக்க முடியுமென்றால் மாரி தொடங்குமுன், புரட்டாதியில் எடுங்கள். வசதி இருந்தால் மழை ஓய்ந்த பின் மாசியில் இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆய்வுகூடத்தில் எதைக் கேட்பது? மின்கடத்துதிறனும் (கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) குளோரைட்டும் மட்டும் போட்ட அறிக்கையோடு பலர் வருகிறார்கள். அதை வைத்து உப்புக் கரிக்குமா என்று சொல்லலாம். நிலம் இறுகுமா என்று சொல்ல முடியாது. சோடியம், கல்சியம், மகனீசியம், காரத்தன்மை, குளோரைட்டு, சல்பேற்று, புளோரைட்டு, இரும்பு, நைத்திரேற்று ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். காரத்தன்மையைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டுப் போட்டிருந்தால், அதை 1.22 ஆல் பெருக்கினால் இருகாபனேற்றின் அளவு கிடைக்கும். இந்தப் பெருக்கலை மறந்து இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டதால், கிணறு மாறிவிட்டதாகப் பயந்தவர்களும் உண்டு.

அறிக்கை வந்ததும் அதையும் ஒரு தரம் சோதியுங்கள். நேர் அயன்களின் (சோடியம், கல்சியம், மகனீசியம்) கூட்டுத்தொகையும் மறை அயன்களின் (இருகாபனேற்று, குளோரைட்டு, சல்பேற்று) கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். மில்லிகிராமில் கூட்டினால் சரிவராது. அயனின் மின்னேற்றத்தைக் கணக்கிலெடுக்கும் அளவான மில்லிச்சமவலுவுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். சோடியத்தை 23 ஆலும், கல்சியத்தை 20 ஆலும், மகனீசியத்தை 12.2 ஆலும், இருகாபனேற்றை 61 ஆலும், குளோரைட்டை 35.5 ஆலும், சல்பேற்றை 48 ஆலும் வகுத்தால் அது வந்துவிடும். இரு பக்கமும் வெகுவாக விலகி நின்றால் ஏதோ ஓர் அயனை அளக்கவில்லை, அல்லது பிழையாக அளந்திருக்கிறார்கள். மருந்தைப் பற்றி யோசிக்குமுன் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது, நிலம் இறுகுகிறது

அக்காவின் கோளாறு இதுதான். இதில் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தானாக விளங்கும்.

அறிகுறிகள் இவை: தண்ணீர் கையில் வழுவழுவென்றிருக்கும், எவ்வளவு அலசினாலும் சவர்க்காரம் போகாததுபோல் தோன்றும். நாக்கில் உப்பு அவ்வளவாகத் தெரியாது, சோடாத் தூளின் சுவை மெல்லியதாகத் தெரியும். வயலில் தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கும். காய்ந்ததும் மேற்பரப்பு தகடாக வெடிக்கும். சில இடங்களில் கருமையான ஒரு படலம் படியும். காரத்தில் கரைந்த மண்ணின் உக்கல் அது. மிளகாய்க் கன்று நீர் நிற்கும் பாத்தியிலேயே வாடி நிற்கும்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கண்ணாடிக் கோப்பையில் மழைநீரை விட்டு, காய்ந்த மண்ணில் பயறளவு கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள். கலக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி நொறுங்கி அடியில் கிடந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல ஒரு மேகம் எழுந்தால் அங்கே களி பிரிந்து மிதக்கிறது. மண்ணில் சோடியம் ஏறிவிட்டது. கிணற்று நீரில் இதைச் செய்ய வேண்டாம். கிணற்று நீரிலுள்ள உப்பு களியைச் சேர்த்துப் பிடித்து உண்மையை மறைத்துவிடும். அக்கா கொண்டுவந்த கட்டியை மழைநீரில் போட்டபோது கால் மணி நேரத்திலேயே கோப்பை கலங்கிப் போனது.

இனிக் காரணம். இந்த வகை நீரை உலகத்தில் மிகத் தெளிவாகப் படித்திருப்பவர்கள் நிலக்கரிப் படுகை மெதேன் கிணறுகளில் வேலை செய்யும் புவியிரசாயனவியலாளர்கள். நிலக்கரி அடுக்கில் மெதேன் வாயுவை நீரின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீரை இறைத்து வெளியே விட்டால் அழுத்தம் குறைந்து வாயு கழன்று வரும். ஆகவே அந்தக் கிணறுகள் தொடக்கத்தில் வாயுவைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் தரும். தஞ்சை, திருவாரூர் பக்கம் மீத்தேன் திட்டத்தை உழவர்கள் எதிர்த்ததும், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்த எதிர்ப்புப் பிரசாரத்தில் இருந்தபோதே 2013 டிசெம்பர் 30 இல் காலமானதும், 2020 இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். நிலத்தடி நீர் இறங்கிவிடுமே என்பதும், வெளியே வரும் நீரை எங்கே விடுவது என்பதும் அவர்களுடைய அச்சத்தின் பெரும் பகுதி. இரண்டாவது கேள்விக்கு அந்த நீரின் இரசாயனமே பதில் சொல்கிறது.

நிலக்கரி அடுக்கிலிருந்து வரும் நீர் எந்த நாட்டில் வந்தாலும் ஒரே முகச்சாயலோடு வருகிறது. சோடியமும் இருகாபனேற்றும் நிறைய. கல்சியமும் மகனீசியமும் மிகக் குறைவு. சல்பேற்று இல்லையென்றே சொல்லலாம். கடற்படிவுகளோடு தொடர்புள்ள அடுக்கென்றால் குளோரைட்டும் சேரும். மழைநீர் நிலத்தில் இறங்கி அடுக்கின் ஆழத்துக்குப் போகும் வழியில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, களி தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்து நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது, ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் பற்றீரியாக்கள் சல்பேற்றைத் தின்று சல்பைட்டாக்குகின்றன. அதன் பக்கவிளைவாக இருகாபனேற்று கூடுகிறது. மூன்றாவது, இருகாபனேற்று கூடியதும் மீதமிருக்கும் கல்சியம் காபனேற்றாகப் படிந்து நீரை விட்டுப் போகிறது. சல்பேற்றுத் தீர்ந்த பின்தான் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு வழி திறக்கிறது. அதனால், சல்பேற்று நிறைய உள்ள நீர் வந்தால் வாயு தேடுபவர்கள் அந்தக் கிணற்றின்மேல் நம்பிக்கை இழப்பார்கள்.

வன்னியில் நிலக்கரி இல்லை. ஆனால் அந்த மூன்று மாற்றங்களுக்கும் நிலக்கரி கட்டாயமில்லை. களியும் காலமும் காற்றோட்டமற்ற ஆழமும் போதும். மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றியும் முருங்கன் பக்கத்திலும், கருங்களியின் கீழே படிவுப்பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அங்கே ஆழத்தில் வாய்விட்ட குழாய்க்கிணறு நிலக்கரிக் கிணற்றின் தங்கையாக வந்து நிற்கலாம். நுரைப்பதற்குக் காரணம், சவர்க்காரத்தோடு சண்டை போடும் கல்சியம் இல்லாமை. இறுகுவதற்குக் காரணம், களித் துணிக்கைகளைக் கட்டிப் பிடிக்கும் அதே கல்சியம் இல்லாமை. துணி துவைப்பதற்கு வசதியானது எதுவோ அதுவே பாத்தியைக் கெடுத்தது.

எவ்வளவு மோசம் என்று கணக்குப் பார்க்கலாம். விளங்குவதற்காக நான் அமைத்த ஒரு நீர்: சோடியம் லீற்றருக்கு 345 மில்லிகிராம், கல்சியம் 20, மகனீசியம் 12, இருகாபனேற்று 732, குளோரைட்டு 177. மில்லிச்சமவலுவில் முறையே 15, 1, 1, 12, 5. நேர் அயன் 17, மறை அயன் 17, அறிக்கை சரி. கல்சியத்தையும் மகனீசியத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். சோடியத்தை அதனால் வகுங்கள். வருவது 15. இதற்குச் சோடியம் உறிஞ்சல் விகிதம் என்று பெயர். இது கூடக் கூட மண்ணில் சோடியம் ஏறும். அடுத்து, இருகாபனேற்றிலிருந்து கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழியுங்கள். 12 இல் 2 போக 10. இது எஞ்சிய சோடியம் காபனேற்று. 1.25 க்குக் கீழே இருந்தால் பயிருக்கு நல்லது, 2.5 க்கு மேலே போனால் பாசனத்துக்கு ஆகாது. இந்த நீர் அந்த எல்லையைப் போல நான்கு மடங்கு. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானாப் பகுதியிலுள்ள பவுடர் ஆற்றுப் படுகையில் நிலக்கரி மெதேன் கிணறுகளின் நீரில் கரைந்த உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 370 முதல் 1,940 மில்லிகிராம்வரைதான் இருந்தது. கடல்நீரில் அது 35,000. நாக்குக்குக் கிட்டத்தட்ட நன்னீர்தான். அப்படியிருந்தும் களி நிலத்துக்கு அதை விடலாமா என்று அங்கே பல ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. உப்பின் மொத்த அளவைவிட எந்த உப்பு என்பதுதான் களிக்கு முக்கியம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிறுபோகத்தில் இந்த நீரை இறைக்கும்போது நிலம் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நீரிலுள்ள உப்பே களியைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை விழும். மழைநீரில் உப்பில்லை. பிடித்திருந்த கை விலகுகிறது. சோடியம் ஏறிய களி பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கிறது. தண்ணீர் தேங்குகிறது. “இந்த முறை மழை நிலத்தைக் கெடுத்துவிட்டது” என்கிறார்கள். மழைமேல் பழி போட வேண்டாம். ஆனியிலும் ஆடியிலும் எந்தக் கிணற்றால் இறைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்து என்ன? முதலில், எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். சுண்ணாம்பு போட வேண்டாம். காரம் ஏறிய மண்ணில் சுண்ணாம்பு கரையாது. கரையாத கல்சியத்தால் பயனில்லை. ஜிப்சம் என்ற கல்சியம் சல்பேற்று கரையும். ஒரு மில்லிச்சமவலுக் கல்சியம் கொடுக்க ஆயிரம் லீற்றருக்குச் சுத்தமான ஜிப்சம் 86 கிராம் வேண்டும். மேலே சொன்ன நீரின் எஞ்சிய சோடியம் காபனேற்றை 10 இலிருந்து 2.5 க்கு இறக்க 645 கிராம். ஓர் ஏக்கருக்கு 50 மில்லிமீற்றர் உயரம் நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ இரண்டு இலட்சம் லீற்றர். அதற்கு 130 கிலோ ஜிப்சம், அதுவும் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு. எந்தக் கமக்காரருக்கு இது கட்டுப்படியாகும்? கெட்டுப்போன மண்ணைத் திருத்த ஒருமுறை ஜிப்சம் இட்டு, மாரி மழையில் கழுவவிடுவது நியாயம். நாளாந்தம் நீருக்கு மருந்து போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கலந்து பாய்ச்சுவதுதான் நம் நிலத்துக்கு ஏற்ற வழி. குளத்து நீரில் உப்புக் குறைவு. ஆனால் கலப்பு விகிதத்தில் ஏமாறக்கூடாது. பாதிக்குப் பாதி கலந்தால் சோடியம் உறிஞ்சல் விகிதம் பாதியாகாது. 15 இலிருந்து 10.6 க்குத்தான் இறங்கும், கணக்கில் வர்க்கமூலம் இருப்பதால். ஒரு பங்கு கிணற்று நீருக்கு மூன்று பங்கு குளத்து நீர் என்றால் 7.5 க்கு வரும். எஞ்சிய சோடியம் காபனேற்றும் 2.5 க்கு வரும். குளத்து நீரில் உப்பே இல்லையென்று வைத்துப் போட்ட கணக்கு இது. அதில் இருக்கும் சிறிதளவு கல்சியம் உங்களுக்கு இலாபம். அக்காவுக்கு வாய்க்கால் கிட்ட இருந்தது. குழாய்க்கிணற்றை வீட்டுக்கும் தென்னைக்கும் வைத்துக்கொண்டு மிளகாயை மணற்பாங்கான மேட்டுக்கு மாற்றச் சொன்னேன். மணலில் பிரிவதற்குக் களி குறைவு. அதே நீர் அங்கே அவ்வளவு கெடுதி செய்யாது.

நீரைத் தாங்கியிலோ குட்டையிலோ தேக்கி வைத்தால் தரம் கூடும் என்றும் எண்ண வேண்டாம். காபனீரொட்சைட்டு தப்பும், பி.எச். பெறுமானம் ஏறும், மீதக் கல்சியமும் அடியில் வெள்ளையாகப் படியும். சோடியம் மட்டும் அசையாமல் இருக்கும். நிலக்கரி மெதேன் நீரைத் தேக்கிய குளங்களிலும் இதே மாற்றத்தைத்தான் கண்டார்கள்.

கேத்திலில் வெள்ளைக் கல், சவர்க்காரம் திரிகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். கல்சியமும் மகனீசியமும் நிறைந்த வன்னீர். பூநகரியிலிருந்து மன்னார்க் கரைவரை சுண்ணக்கல் உள்ள இடங்களில் எதிர்பார்க்கலாம். உள்நாட்டுக் கருங்கற்பாறை வெடிப்புகளிலிருந்து வரும் நீரிலும் உண்டு. படிந்த கல்லைச் சுரண்டி அதன்மேல் தேசிக்காய்ச் சாறு விடுங்கள், பொங்கினால் காபனேற்று. அந்தப் பங்கு கொதிக்க வைத்தால் படிந்துவிடும். பொங்காமல் கிடந்தால் சல்பேற்றோ சிலிக்காவோ இருக்கலாம்.

இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. சுவைக்கும் பாத்திரத்துக்கும் தொல்லை தரும் நீர்தான். ஆனால் களி நிலத்துக்கு இது நண்பன். உப்புப் போட்டு இயங்கும் மென்மையாக்கும் கருவியை வீட்டில் பூட்டினால், அது கல்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும். நிலத்தடியில் களி பல்லாயிரம் ஆண்டுகள் செய்த வேலையை அது ஒரு நிமிடத்தில் செய்கிறது. அந்த நீரை வீட்டுத்தோட்டத்துக்குத் திருப்ப வேண்டாம். கருவிக்கு முன்னுள்ள குழாயிலிருந்து தோட்டத்துக்குத் தனியே ஒரு கிளை எடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

முதல் வாளியில் மட்டும் நாறுகிறதா, பத்து நிமிடம் இறைத்த பின்பும் நாறுகிறதா? முதல் வாளியோடு தீர்ந்தால் பற்றீரியா குழாயிலும் தாங்கியிலும் குடியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேட்டுக் குளோரின் இட்டு, ஓரிரவு விட்டு, மணம் போகும்வரை இறைத்து ஊற்றினால் அடங்கும். தொடர்ந்து நாறினால் ஐதரசன் சல்பைட்டு நிலத்தடியிலிருந்தே வருகிறது. காற்றில் சிதறவிட்டுத் திறந்த தொட்டியில் விழுத்துங்கள், பெரும்பகுதி பறந்துவிடும். நாற்றம் திடீரென நின்றதாகத் தோன்றினாலும் மூடிய அறைக்குள் தலையை விட வேண்டாம். அந்த வாயு கூடினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும்.

நாறும் கிணற்றின் அறிக்கையில் சல்பேற்றைப் பாருங்கள். குறைவாக இருந்தால், மேலே சொன்ன மூன்று மாற்றங்களில் இரண்டாவது உங்கள் காலடியில் நடந்துகொண்டிருக்கிறது. சோடியத்தையும் இருகாபனேற்றையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.

பால்போல வருகிறது, குமிழி விடுகிறது

கண்ணாடிக் கோப்பையில் பிடித்து மேசையில் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வாயு. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்தால் மண். வாயு என்றால் பெரும்பாலும் காற்றுத்தான்: உறிஞ்சு குழாயில் ஓட்டை இருக்கும், அல்லது நீர்மட்டம் இறங்கிக் குழாய்வாய் காற்றைக் குடிக்கும். கோடையில் மட்டும் வந்தால் இரண்டாவது. இறைக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

களப்பு ஓரங்களில், நந்திக்கடல் பக்கம்போல உக்கிய சேற்றின் மேல் தோண்டிய கிணறுகளில், சதுப்பு வாயு கலந்திருக்க வாய்ப்புண்டு. அதுவும் மெதேன்தான். நிறமில்லை, மணமில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் மோட்டர் அறையின் கூரையோரம் காற்றுப் போக வழி விடுங்கள். அங்கே தீக்குச்சி உரசவே வேண்டாம்.

கிணற்றுக்குள் இறங்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் இறங்கலாம் என்று முன்னோர் சொன்னார்கள். ஒட்சிசன் குறைவை அந்த விளக்குக் காட்டும். மண்ணெண்ணெய் இயந்திரம் விட்ட காபனோரொட்சைட்டைக் காட்டாது. மெதேன் இருந்தால் கொளுத்திவிடும். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டுப் பின்னால் இறங்கியவர்களும், அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் மேலே வராமல் போயிருக்கிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள்.

இறைக்கும்போது தெளிவு, வைத்தால் காவி

இரும்பு. ஆழத்தில் ஒட்சிசன் இல்லாதபோது கரைந்து நிற்கும். காற்றுப் பட்டதும் துருவாகப் படியும். தேநீர் போட்டால் கறுத்துப் போகும். தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்வதால் வரும் நிறம் அது. குடிநீர் எல்லை லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். உயரத்திலிருந்து சிதறி விழச் செய்து, படியவிட்டு, மணல் வடியில் விட்டால் போதும். கோளாறுகளில் இதுதான் இலேசானது.

உப்புக் கரிக்கிறது, இலை ஓரம் கருகுகிறது

இங்கே சோடியத்தோடு குளோரைட்டு வந்திருக்கிறது. கடற்கரையோரம் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து ஒரு மீற்றரைக் குறைத்தால் கீழேயிருந்து உவர் 40 மீற்றர் எழும்பப் பார்க்கும். முல்லைத்தீவுக் கரையிலும் பூநகரியிலும் கிணறு உவர்த்ததும் இன்னும் ஆழமாகத் துளைக்கச் சொல்லும் ஆலோசனையை நானே கேட்டிருக்கிறேன். அது உவரைத் தேடிப் போவது. ஆழத்தைக் கூட்டாமல், சிறிய மோட்டரால் நீண்ட நேரம் மெதுவாக இறையுங்கள். மாரிக்குப் பின் குளோரைட்டு இறங்கினால் கிணறு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. கடலுக்கு வெகு தூரத்திலும் உவர்த்தால், குளத்தின் கீழே வடிகால் இல்லாத வயலில் ஆவியாகித் திரண்ட உப்பாக இருக்கலாம். அதற்கு வடிகால்தான் மருந்து.

பிள்ளைகளின் பற்களில் வெண்புள்ளி, பழுப்புக் கறை

நாக்கு இதைச் சொல்லாது, மூக்கும் சொல்லாது. வவுனியா உட்பட உலர்வலயத்தின் பல இடங்களில் கருங்கற்பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டு நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5 மில்லிகிராம், நமது தரம் 1.0. வெயிலில் வேலை செய்பவர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறார். அவருடைய உடலுக்குள் போகும் புளோரைட்டும் கூடுகிறது.

நுரைக்கும் நீர்ப் பகுதியில் சொன்ன கல்சியத்தின் கதை இங்கே மறுபடி வருகிறது. நீரில் கல்சியம் இருந்தால், அது புளோரைட்டைக் கல்சியம் புளோரைட்டாகப் பிடித்து ஓரளவுக்கு மேல் ஏறவிடாது. களியோ மென்மையாக்கும் கருவியோ கல்சியத்தை எடுத்துவிட்டால் அந்தக் காவலும் போகிறது. எனவே நன்றாக நுரைக்கிற நீரைக் கண்டால் புளோரைட்டைக் கட்டாயம் அளந்து பார்க்கச் சொல்வேன். இதைத் தலைகீழாக்கி, வன்னீரில் புளோரைட்டு இருக்காது என்று முடிவெடுக்க வேண்டாம். உலர்வலயத்தில் இரண்டும் சேர்ந்தே வரும் கிணறுகள் உண்டு.

கொதிக்க வைப்பது உதவாது. நீர் ஆவியாகும், புளோரைட்டு மிஞ்சும், செறிவு கூடும். பிள்ளை பிறந்ததிலிருந்து எட்டு வயதுவரை நிரந்தரப் பற்கள் உருவாகும் காலம். குடிநீரையும் சோறு சமைக்கும் நீரையும் அந்த வயதுப் பிள்ளைகளுக்காவது மாற்றுங்கள். கூரை மழைநீரைத் தாங்கியில் பிடிப்பதை நான் முதலில் சொல்வேன். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையைப் பிடித்து, வலை போட்டு மூடி வையுங்கள். ஐந்து பேருள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், வறண்ட ஆறு மாதத்துக்கு 4,500 லீற்றர் போதும். 5,000 லீற்றர்த் தாங்கி அதற்குக் காணும்.

ஆர்.ஓ. வடிகட்டி (நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி) புளோரைட்டை நீக்கும். ஊர்ப் பொதுவில் ஒன்று இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது ஒரு பக்கம் நல்ல நீரைத் தரும்போது மறு பக்கம் உப்புத் திரண்ட கழிவுநீரைத் தள்ளும். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் அது மரவேலிக்குக் கீழே நுழைந்து, பக்கத்து வீட்டுப் பப்பாசி அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மண்ணை மழைநீரில் போட்டுப் பார்த்தோம், கோப்பை கலங்கியது. மறுநாளே குழாயை எடுத்து, பயிரும் கிணறும் இல்லாத கல் நிரப்பிய குழிக்குத் திருப்பினார்கள்.